கடல் தண்ணீரை மேகம் உறிஞ்சுகிறதா? நீர்த்தூண்களை எண்ணிய ஆல்ஃபிரட் வெகனரின் கதை

மேகத்திலிருந்து கடலை நோக்கி நீளமாக ஒரு குழாய் இறங்குகிறது. அதன் அடியில் தண்ணீர் புகை மாதிரி எழும்புகிறது. படகில் இருந்த யாரோ ஃபோனில் பிடித்த வீடியோ அரை மணி நேரத்தில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிடும். கூடவே ஒரு வரியும் வரும்: கடல் தண்ணீரை மேகம் உறிஞ்சும் அதிசயக் காட்சி.

பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் மேகம் எதையும் உறிஞ்சுவது கிடையாது. அங்கே இருப்பது வேகமாகச் சுழலும் காற்று. சுழலின் நடுவில் அழுத்தம் குறைவு. அங்கே நுழையும் ஈரக்காற்று விரிந்து குளிர்கிறது, அதிலிருக்கும் நீராவி பொடிப்பொடித் துளிகளாக மாறுகிறது. நமக்குத் தூணாகத் தெரிவது பெரும்பாலும் அந்தத் துளிகள்தான். அதாவது அதுவும் ஒரு மேகம், குழாய் வடிவத்தில். நிஜமான கடல்நீர் இருப்பது அடிப்பகுதியில். காற்று வாரியடிக்கும் சாரலாக, கொஞ்ச உயரத்துக்கு மட்டும்.

இதை நீர்த்தூண் என்று சொல்லலாம். தரையில் வீசும் டொர்னாடோவின் கடல் சொந்தக்காரர். நம்ம ஊர்ப் புயலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, பல நாள் நீடிப்பது. நீர்த்தூண் சில பத்து மீட்டர் அகலம், பெரும்பாலும் இருபது நிமிஷத்துக்குள் காணாமல் போய்விடும்.

அவ்வளவு சின்ன, அவ்வளவு சீக்கிரம் மறையும் ஒன்றை எப்படி ஆராய்வது? நீங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அது இருக்காது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1755-ல் மேரிலாந்தில் ஒரு தூசுச் சுழலைக் குதிரையில் துரத்திப் போய், அதைச் சாட்டையால் அடித்துக் கலைக்கப் பார்த்தார். கலையவில்லை. தரைச்சுழலும் நீர்த்தூணும் ஒரே விஷயம்தான் என்று அவர் சரியாகவே யோசித்திருந்தார். ஆனால் ஒன்றிரண்டைப் பார்த்து யோசிப்பதும், ஒரு கண்டம் முழுக்க எத்தனை வந்தன என்று எண்ணுவதும் வேறு வேறு வேலை. அந்த எண்ணும் வேலையை ஐரோப்பாவுக்குச் செய்தவர் ஒரு ஜெர்மானியர். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேறு ஒரு காரணத்துக்காக.

பள்ளிப் புவியியல் புத்தகத்தில் கண்ட நகர்வுக் கோட்பாடு என்ற பாடத்தில் வரும் பெயர்: ஆல்ஃபிரட் வெகனர். இரண்டு மார்க் கேள்விக்குப் படித்து மறந்த பெயராக இருக்கலாம். அவர் புவியியலாளர் கிடையாது என்பதை அந்தப் பாடம் பெரும்பாலும் சொல்லாது. வெகனர் வாழ்நாள் முழுக்க வானிலை ஆள்.

பலூனில் 52 மணி நேரம்

1880 நவம்பர் 1-ல் பெர்லினில் பிறந்தார் வெகனர். ஐந்து பிள்ளைகளில் கடைசி. அப்பா இறையியல் படித்தவர், பழைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியர். மகன் போனது வானியல் பக்கம். 1905-ல் அதில் டாக்டர் பட்டமும் வாங்கினார். வாங்கிய கையோடு அதை விட்டுவிட்டு, பெர்லினுக்குத் தென்கிழக்கே லிண்டன்பெர்க் என்ற இடத்தில் இருந்த வானிலை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் குர்ட்டும் அங்கேதான் இருந்தார். பட்டங்களையும் பலூன்களையும் மேலே அனுப்பி, உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று அளப்பதுதான் அங்கே தினசரி வேலை.

1906 ஏப்ரலில் அண்ணனும் தம்பியும் ஒரு பலூனில் ஏறினார்கள். இறங்கியது 52 மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்தக் காலத்தில் அது உலக சாதனை. பெர்லினிலிருந்து வடக்கே டென்மார்க் வரை போய், பிறகு தெற்கே திரும்பி நடு ஜெர்மனியில் இறங்கினார்கள். திறந்த கூடையில், குளிரில், இரண்டு ராத்திரி.

அதே வருஷம் ஒரு டேனிஷ் பயணக் குழுவோடு கிரீன்லாந்து போனார். அங்கே இரண்டு குளிர்காலம். குழுவின் தலைவர் லுட்விக் மிலியஸ் எரிக்சனும் இன்னும் இரண்டு பேரும் பனியில் இறந்துபோனார்கள். வெகனர் திரும்பி வந்தார். ஆனால் கிரீன்லாந்து அவரை விடவில்லை. மொத்தம் நான்கு தடவை போனார். 1912-13-ல் டேனிஷ் நண்பர் யோஹான் பீட்டர் கோக்கோடும் இன்னும் இரண்டு பேரோடும் பனித்தீவின் அகலமான பகுதியைக் குறுக்கே கடந்தார். சுமை இழுக்கக் கூட்டிப்போன ஐஸ்லாந்துக் குட்டைக் குதிரைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இடையில் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. பெயர்தான் வேலை, நிரந்தரச் சம்பளம் கிடையாது. அங்கே நடத்திய வகுப்புகளிலிருந்து 1911-ல் வளிமண்டல வெப்பவியல் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். மேகத்தில் உறையாத குளிர்நீர்த் துளியும் பனித்துகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், துளியிலிருந்து நீராவி கழன்று பனித்துகள் வளரும் என்று அதில் சொன்னார். உயரமான மேகங்களில் மழை எப்படி உருவாகிறது என்பதற்கு இன்றும் சொல்லப்படும் விளக்கங்களில் அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. பாடநூலோடு கூடவே ஒரு சொந்தமும் கிடைத்தது. உலகத் தட்பவெப்ப வகைப்பாட்டை உருவாக்கிய விளாடிமிர் கோப்பென் அவருக்கு வழிகாட்டி, பிறகு மாமனார். 1913-ல் கோப்பெனின் மகள் எல்சாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

போர், ஆஸ்பத்திரி, புத்தகம்

அடுத்த வருஷமே முதல் உலகப் போர். வெகனர் காலாட்படை அதிகாரியாக மேற்கு முனைக்குப் போனார். சில மாதங்களுக்குள் இரண்டு தடவை குண்டடி பட்டது, ஒன்று கையில், இன்னொன்று கழுத்தில். முன்னணியில் நிற்கத் தகுதியில்லை என்று ராணுவத்தின் வானிலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஓரிடத்தில் உட்கார விடவில்லை. நிலையத்துக்கு நிலையம் அலைச்சல்.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அவருடைய இரண்டு பெரிய புத்தகங்களும் வந்தன. 1915-ல் கண்டங்களும் கடல்களும் தோன்றிய கதை. அது உலகத்துக்கே தெரியும். 1917-ல் வந்த இன்னொன்று, சுமார் 300 பக்கம், ஐரோப்பாவின் காற்றுத்தூண்களும் நீர்த்தூண்களும் பற்றியது. இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. (ஜெர்மன் மொழியில் நீர்த்தூணுக்கு வஸ்ஸர்ஹோசே என்று பெயர். ஹோசே என்றால் இன்றைய ஜெர்மனில் கால்சட்டை. பழைய காலத்தில் காலுறைக் குழாய்க்கு அந்தப் பெயர். வானத்திலிருந்து தொங்கும் ஒரு கால்சட்டைக் கால் என்று நினைத்துப் பார்த்தால் உவமை பொருந்தத்தான் செய்கிறது.)

போர்க்காலத்தில் அவருக்கு ராடார் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. அவர் வாழ்நாளிலேயே அதெல்லாம் வரவில்லை. அவர் கையில் இருந்தது அடுத்தவர்களின் சாட்சியம். பழைய வரலாற்று நூல்கள், ஆய்விதழ்கள், கண்ணால் பார்த்தவர்களின் விவரிப்புகள். அவர் சேர்த்தவை மொத்தம் 258 நிகழ்வுகள். 1456 முதல் 1913 வரை, நானூற்று ஐம்பது வருஷத்துக்கும் மேல்.

சேர்ப்பது எளிது என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சாட்சியங்களைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் டிராகன் வந்தது என்று எழுதுவார். இன்னொருவர் கடவுளின் கோபம் என்பார். 1456-ல் டஸ்கனியில் அடித்த சுழற்காற்றைப் பற்றி அரசியல் நூலாசிரியர் மாக்கியவெல்லி எழுதியிருக்கிறார். அவரோ அது நடந்து பதிமூன்று வருஷம் கழித்துப் பிறந்தவர். தூரத்தில் நின்றவருக்குத் தூண் மெலிசாகத் தெரியும், பக்கத்தில் நின்றவருக்கு ஒன்றுமே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இதிலிருந்து எந்த மாதத்தில் அதிகம், எந்த நேரத்தில், எந்தப் பக்கமாகச் சுழன்றது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிரித்தெடுக்க வேண்டும். பயத்தையும் மிகைப்படுத்தலையும் வடிகட்டி எண்களை மட்டும் எடுப்பது. இன்று டேட்டா கிளீனிங் என்று சொல்கிறோமே, அதே வேலைதான், பேனாவும் காகிதமும் வைத்து.

இந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதற்கு அதே போர்க்காலத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. 1916 ஏப்ரல் 3 மதியம் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் ஒரு நெருப்புக்கோளம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பெரிய இடிச்சத்தம். கல் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. வெகனர் பார்த்தவர்களின், கேட்டவர்களின் தகவல்களைச் சேகரித்து, அது வந்த பாதையைக் கணக்குப் போட்டு, இந்த வட்டாரத்தில் தேடுங்கள் என்றார். அடுத்த வருஷம் ட்ரைசா என்ற ஊர்ப்பக்கக் காட்டில், அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே, 63 கிலோ எடையுள்ள விண்கல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

நீர்த்தூண் புத்தகத்திலிருந்து வந்த ஒரு முடிவு அன்றைக்குப் பலருக்கு ஆச்சரியம். ஐரோப்பாவில் வருஷத்துக்குக் குறைந்தது 100 சுழல்களாவது வரும் என்று அவர் மதிப்பிட்டார். டொர்னாடோ என்றாலே அமெரிக்கச் சமாச்சாரம் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. இப்போதைய கணக்குகளின்படி ஐரோப்பாவில் நிலத்திலும் கடலிலும் சேர்த்து வருஷத்துக்குப் பல நூறு வருகின்றன. அவர் சொன்னது அதிகமில்லை, குறைவுதான்.

ஏன் சுழல்கிறது என்பதற்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இடிமேகத்துக்குள் படுக்கைவசத்தில் உருளும் ஒரு பெரிய தாய்ச்சுழல் இருக்கிறது, அதன் முனை வளைந்து கீழே தொங்குவதுதான் நாம் பார்க்கும் தூண் என்றார். இது பாதி சரி. பலமான டொர்னாடோக்களைப் பெறும் ராட்சத இடிமேகங்களில், முதலில் படுக்கைவசத்தில் இருக்கும் சுழற்சிதான் மேலெழும் காற்றால் நிமிர்த்தப்படுகிறது என்று இன்றைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள், இயங்கும் விதம் வேறாக இருந்தாலும். ஆனால் வெதுவெதுப்பான கடலில், சாதாரணமாக வளரும் மேகத்துக்கு அடியில் தோன்றும் நீர்த்தூண்களில் கதை தலைகீழ். சுழற்சி கடல் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. முதலில் தண்ணீரில் ஒரு கருவட்டம் மட்டும் தெரியும், குழாய் பிறகுதான் கண்ணுக்குப் படும். சின்னப் படகில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். குழாய் தரைதொடவில்லையே என்று நம்பி இருக்கக் கூடாது. அது நகரும் திசைக்குக் குறுக்கே, செங்கோணத்தில் விலகிப் போவதுதான் பாதுகாப்பு.

வெளியாள்

1919-ல் ஹாம்பர்க்கின் கடல்சார் வானிலை நிலையத்தில், மாமனார் வகித்த பொறுப்புக்கே வந்தார் வெகனர். அதற்கு முன் 1918-ல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியபோது யோஹான்னஸ் லெட்ஸ்மான் என்ற இளைஞருக்குச் சுழல்காற்றுப் பைத்தியத்தை ஒட்டவைத்துவிட்டு வந்திருந்தார். காட்டில் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதை வைத்தே போன சுழலின் காற்றைக் கணக்கிடும் முறையைப் பிறகு லெட்ஸ்மான் உருவாக்கினார். சேதத்தைப் பார்த்துக் காற்றை அளக்கும் இன்றைய ஆய்வுகளில் அந்த முறை திரும்ப வந்திருக்கிறது.

கண்ட நகர்வு விஷயத்தில் மட்டும் அடி மேல் அடி. 1912 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் முதன்முதலாக அதைப் பேசியபோதிருந்தே எதிர்ப்புதான். வானிலையை விட்டு அந்தப் பக்கம் போகாதே என்று கோப்பெனே ஆரம்பத்தில் தடுத்துப் பார்த்தார். 1926-ல் நியூயார்க்கில் எண்ணெய் நிலவியலாளர்கள் கூட்டிய கருத்தரங்கில் பெரும்பாலானவர்கள் அவரை நிராகரித்தார்கள்.

இந்தியாவுக்கு அந்த வாதத்தில் பெரிய இடம் உண்டு. ஒடிசாவின் தால்சேர் பகுதியில் பனியாறு உருட்டி வந்த பாறைகள் இருப்பதை 1856-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனியாறு எப்படி வந்தது? அதே வகைப் படிவுகள், அதே புதைபடிவச் செடிகள், ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் ஏன் இருக்கின்றன? எல்லாம் ஒரு காலத்தில் தென்துருவத்தை ஒட்டி ஒன்றாக இருந்த நிலம் என்றால் கணக்கு நேராகிவிடுகிறது. அந்தப் பழைய நிலத்துக்குக் கோண்ட்வானா என்ற பெயர் வந்ததே மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்துதான்.

இதிலும் அவர் செய்தது நீர்த்தூண் புத்தகத்தில் செய்ததைத்தான். அடுத்தவர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதி வைத்ததை ஒரே மேசையில் பரப்பி, அதில் தெரியும் வடிவத்தைச் சொன்னார். நிபுணர்களுக்கு இதுவே எரிச்சல். பாறையைத் தொடாத ஆள், எங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு எங்களுக்கே பாடம் எடுப்பதா? நியாயமான ஆட்சேபமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கண்டத்தைத் தள்ளும் விசை எது என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. கிரீன்லாந்து வருஷத்துக்குப் பல மீட்டர் நகர்வதாக அவர் நம்பினார். உண்மையில் அது சில சென்டிமீட்டர். இந்தியா தனித் தீவாக வந்து ஆசியாவில் மோதியது என்றும் அவர் நினைக்கவில்லை. நீளமான ஒரு நிலப்பட்டை நசுங்கி இமயமலை ஆனது என்று நினைத்தார். கடலடி விரிவதற்கான ஆதாரங்கள் வந்து, 1960-களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்ற பிறகுதான் அவருடைய அடிப்படை எண்ணம் ஜெயித்தது.

ஜெர்மனியில் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. 1924-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகம் கொடுத்தது. அப்போது வயது 43.

பனியின் நடுவில் ஒரு வானிலை நிலையம்

1930-ல் கடைசிப் பயணம். இந்தத் தடவை தலைவர் அவர்தான். கிரீன்லாந்தின் நடுவில், கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு வருஷம் முழுக்க வானிலையை அளக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பனிநடு என்ற பொருளில் ஐஸ்மிட்டே என்று பெயர்.

ஆரம்பமே தாமதம். கரையோரப் பனி உருகாமல் ஒரு மாதத்துக்கும் மேல் சாமான்களை இறக்க முடியவில்லை. பெரிதாக நம்பிய, விமான என்ஜின் பொருத்திய பனிவண்டிகள் ஐஸ்மிட்டேவை எட்டவே இல்லை. அங்கே இருந்த ஜியார்கி, சோர்கே இருவரும், அக்டோபர் 20-க்குள் எரிபொருள் வராவிட்டால் நடந்தே திரும்புவோம் என்று தகவல் அனுப்பினார்கள். அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் நடப்பது சாவுக்குச் சமம்.

செப்டம்பர் 21-ல் வெகனர் தானே கிளம்பினார். கூட ஃபிரிட்ஸ் லோவே என்ற வானிலையாளர், 13 கிரீன்லாந்துக்காரர்கள், 15 நாய்வண்டிகள். வழியிலேயே பனிப்புயல். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் மிஞ்சியது வெகனர், லோவே, ராஸ்மஸ் வில்லும்சன் என்ற இளைஞர். கொண்டுவந்த சாமானில் பெரும்பகுதியை வழியிலேயே விட வேண்டியதாயிற்று. 40 நாள் கழித்து அக்டோபர் 30-ல், உறைநிலைக்கு 50 டிகிரி கீழே, போய்ச் சேர்ந்தார்கள். போனால், அங்கே இருந்த இருவரும் பனிக்குள் குகை தோண்டி, இருப்பதை வைத்தே குளிர்காலத்தை ஓட்டலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். செய்தி சொல்ல வழியில்லை, ரேடியோ இல்லை.

லோவேயின் கால்விரல்கள் பனியில் செத்துவிட்டன. அங்கேயே பேனாக்கத்தியால் வெட்டி எடுத்தார்கள். அவரால் நகர முடியாது. ஐந்து பேருக்குச் சாப்பாடு போதாது. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, நவம்பர் 1-ல், தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று, வெகனர் வில்லும்சனோடு கரையை நோக்கித் திரும்பினார். இருவரும் போய்ச் சேரவில்லை.

1931 மே 12-ல் பாதி வழியில், பனியில் நட்டு வைத்த பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடல் குழு பார்த்தது. கீழே வெகனரின் உடல், உறையால் சுற்றித் தைத்து, கவனமாக அடக்கம் செய்யப்பட்டிருந்தது. இதயம் நின்றுபோயிருக்கலாம் என்று கருதப்பட்டது. அடக்கம் செய்தது வில்லும்சனாகத்தான் இருக்க வேண்டும். அவரும் அவரிடம் இருந்திருக்கக்கூடிய வெகனரின் குறிப்பேடும் கிடைக்கவே இல்லை. வெகனரைப் பற்றிய எழுத்துகளில் இந்த இளைஞர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார், அது சரியில்லை.

ஐஸ்மிட்டேயில் இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள், 1931 கோடை வரை அளவுகளை எடுத்து முடித்தார்கள். கிரீன்லாந்தின் நடுப்பனியிலிருந்து முழு வருஷ வானிலைப் பதிவு கிடைத்தது அதுதான் முதல் தடவை. லோவே பிறகு நாஜிகளிடமிருந்து தப்பி வெளியேறி, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வானிலையியல் துறையைத் தொடங்கினார்.

நீர்த்தூண் புத்தகத்துக்கு என்ன ஆச்சு?

மறந்துபோனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்தத் துறையிலேயே ஆர்வம் வற்றியது. 258 பதிவுகளும் நூலக அலமாரியில் கிடந்தன. 2000-களில் ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் கண்டம் முழுவதற்குமான ஒரு தரவுத்தளத்தைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் அவற்றுக்கு மறுபடி உயிர் வந்தது. வெகனர் கையால் சேர்த்த நிகழ்வுகள் இப்போது தேதி, இடம், வகை என்று பிரிக்கப்பட்டு அந்தத் தளத்தில் இருக்கின்றன. அதே வரிசையில், நேற்று யாரோ கடற்கரையில் நின்று ஃபோனில் எடுத்து அனுப்பிய நீர்த்தூணும் சேர்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு.